ஓடையைப் பிடித்து மேலே நடந்தோம்

நான் பிறந்து வளர்ந்தது சேலம் குகையில். வெளியூரில் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் விழிப்பார்கள். குகை என்பது இங்கே ஒரு பகுதியின் பெயர். தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் நிறைந்த இடம். பள்ளிக்கூடம் போக ஒரு பாலத்தைத் தாண்ட வேண்டும். அதன் கீழே கறுப்பாக ஓடும் தண்ணீரை நாங்கள் சாக்கடை என்றுதான் சொல்வோம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அதுதான் திருமணிமுத்தாறு, சேர்வராயன் மலையில் பிறந்து, சுகவனேசுவரர் கோயில் பக்கமாக ஊருக்குள் வந்து, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைத் தொட்டு, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேருகிற ஆறு என்பது எனக்குத் தெரிந்தது கல்லூரி இரண்டாமாண்டில். அதுவரை அந்த ஆற்றை தினமும் இரண்டு முறை தாண்டியிருக்கிறேன். அதன் பெயர் தெரியாது.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தேன். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், கூடவே ஒரு ஏழு நாள் முகாம். 1969-இல் தொடங்கிய திட்டம், இன்றும் இதே கணக்குதான். மணி நேரம் சேர்ந்தால் சான்றிதழ். நான் சேர்ந்ததும் அந்தச் சான்றிதழுக்காகத்தான். முதல் வேலையாக எங்களை அழைத்துப்போனது ஊரின் வடக்கே, மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு சிறிய ஏரிக்கு. கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தோம். 2010-இல் தொடங்கி ஊர்மக்கள் சேர்ந்து அதை மீட்டது, நடுவில் மண்திட்டுகள் போட்டு மரம் வைத்தது, அதில் இப்போது பறவைகள் தங்குவது எல்லாம் சேலத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதை. அதுபோல் நாமும் ஒன்று செய்துவிடலாம் என்ற வேகம் எங்களுக்கு இருந்தது.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் அறுபது பேருக்கு மேல் இறங்கினோம். மதியத்துக்குள் எழுபது சாக்குக்கு மேல் குப்பை சேர்ந்தது. கரையில் வரிசையாக அடுக்கிவைத்து, பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, தக்காளிச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்று ஓர் அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். வண்டி வரவில்லை. நாங்களும் போய்ப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனபோது நாய்கள் சாக்குகளைக் கிழித்திருந்தன, நடுவில் இரண்டு மழை பெய்திருந்தது, எடுத்ததில் பாதிக்கு மேல் மறுபடியும் தண்ணீரில் மிதந்தது. முன்பு பரவலாகக் கிடந்த குப்பை இப்போது ஒரே இடத்தில் குவியலாக மிதந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் ஆசிரியர், அந்தப் பகுதியில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர். தள்ளுவண்டியோடு வந்தவர், நாங்கள் மறுபடியும் சாக்கு கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, இந்த மூட்டைய யார் தூக்குவா? நீங்க நாலு பேரு புடிச்சு வெச்சுட்டுப் போயிருவீங்க. நாங்க ரெண்டு பேரு வண்டியில ஏத்தணும்ல?" என்றார். அப்படி ஒன்றை நாங்கள் யோசித்ததே இல்லை. அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் இன்றுவரை புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

சாக்கை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஓர் ஆள் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து எழும்ப வேண்டும். கண்ணாடியை எக்காரணம் கொண்டும் சாக்கில் போடக் கூடாது. ஏரிக்கரையில் அதிகம் கிடைப்பது உடைந்த மதுபாட்டில்தான். அதற்குப் பழைய பெயின்ட் டப்பா வேண்டும், மேலே 'கண்ணாடி' என்று எழுதியும் வைக்க வேண்டும். ஊசி, மருந்துப் புட்டி கண்ணில் பட்டால் கை வைக்காமல் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, துணி கட்டிவிட்டுச் சொல்லியனுப்ப வேண்டும். ஈரக்குப்பையைக் கரையில் ஒரு நாள் பரப்பி வைத்துவிட்டு அப்புறம் அள்ளினால் பாரம் பாதியாகக் குறையும். ஆகாயத்தாமரைக்கு இது இன்னும் பொருந்தும். அந்தச் செடி பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனால் இழுத்துப் போடும்போது அலை தொடாத தூரத்தில் போட வேண்டும், ஒரு துண்டு திரும்ப ஏரிக்குள் விழுந்தாலும் அதிலிருந்து முளைத்துவிடும்.

இவற்றோடு நாங்களாகச் சேர்த்துக்கொண்டது இரண்டு. வண்டி எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது எழுத்தில் வராமல் ஒரு சாக்குகூட நிரப்புவதில்லை. தண்ணீருக்குள் யாரும் இறங்குவதில்லை. ஏரியில் மண் எடுத்த பள்ளங்கள் இருக்கும். முழங்கால் அளவு என்று நம்பிப் போகிற இடத்தில் அடுத்த அடி ஆளை முழுங்கும். காலில் புண் இருப்பவர்கள் சேற்றுப் பக்கமே வரக் கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று பெயர் எழுதும்போதே கேட்டுவிடுவோம். ஒரு மாணவிக்குக் கையில் கண்ணாடி கிழித்து நான்கு தையல் போட்ட பிறகு வந்த பழக்கம் இது. முன்பே வந்திருக்க வேண்டும்.

அப்புறம் மரக்கன்று. ஒரு ஜனவரியில் நூற்றுக்கணக்கான கன்றுகளை வைத்தோம். மழை முடிந்து, வெயில் ஏறப்போகிற மாதம். அந்த மாதத்தில் விழா இருந்தது, கன்றும் இலவசமாகக் கிடைத்தது, அதனால் வைத்தோம். மார்ச்சில் செமஸ்டர் வேலை, ஏப்ரலில் தேர்வு. தண்ணீர் ஊற்ற யாரும் இல்லை. வெயிலுக்குத் தப்பியதை ஆடுகள் முடித்துவிட்டன. அந்தக் கரையில் ஆடு மேய்க்கும் ஓர் ஆயா இருந்தார். அவர்மேல் எங்களுக்குக் கோபம். எங்களில் ஒருவன் நேரே போய்க் கேட்டே விட்டான்.

ஆயா கோபப்படவில்லை. "கண்ணு, நான் இந்தக் கரையில நாப்பது வருசமா ஆடு ஓட்டுறேன். செடி வெக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஆடு எதைத் திங்கும், எதைத் திங்காதுன்னு அதோட பேரே சொல்லுது. ஆடாதோடைய வெச்சிருக்கலாம்ல?" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆடு தொடாத இலை, அதனால் ஆடாதோடை. தமிழ்ப் பாடத்தில் எழுபது மதிப்பெண் வாங்கிய எனக்கு அந்தச் சொல் அதுவரை கஷாயக்கடைப் பெயர்ப்பலகையில் பார்த்த ஒரு சொல் மட்டும்தான்.

ஆயா சொன்னபடி அடுத்த பருவத்தில் செய்தோம். கரையின் வெளிச்சரிவில் ஆடாதோடைக் குச்சியும் நொச்சிக் குச்சியும் நெருக்கமாக நட்டோம். இரண்டுமே குச்சியை வெட்டி நட்டால் வரும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, இரண்டையும் ஆடு சீந்தாது. அந்த வேலிக்கு உள்பக்கம் புங்கன், நாவல், நீர்மருது. மொத்தமே முப்பத்தைந்து கன்று. செப்டம்பரில் வைத்தோம். செப்டம்பர், அக்டோபர் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொண்டது. கோடையில் ஆயாவின் பேரன் வாரத்துக்கு இரண்டு குடம் என்று ஊற்றினான். அவனுடைய பள்ளி நோட்டுப் புத்தகச் செலவை நாங்கள் எடுத்துக்கொண்டோம். முப்பத்தைந்தில் இருபத்தெட்டு பிழைத்தது. முன்பு வைத்த நூற்றுக்கணக்கில் ஒன்றுகூட இல்லை. கன்று எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டுச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இப்போது ஒரே கேள்விதான் எழுகிறது: மே மாதம் அங்கே போய் எண்ணிப் பார்த்தார்களா?

பனைக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் கொட்டையைப் பொறுக்கிவந்து, முக்கால் அடிக் குழியில் பத்தடிக்கு ஒன்றாகப் போட்டு மூடிவிட்டால் போதும். ஆனால் முளை முதலில் கீழே போகும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. பொறுக்காமல் தோண்டிப் பார்த்தே எங்கள் பசங்கள் சிலவற்றைக் கெடுத்தார்கள்.

இவ்வளவும் நடந்தும் ஏரி அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு மாதமும் அள்ளினோம், ஒவ்வொரு மழைக்கும் நிறைந்தது. ஒரு நாள் பெருமழை முடிந்த காலையில், ஏரிக்குத் தண்ணீர் வரும் ஓடையின் வாயில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்கு எத்தனை பொருள் வருகிறது என்று சும்மா எண்ணத் தொடங்கினேன். பால் கவர், டீக் கப், மாத்திரை அட்டை, ஒரு ஒற்றைச் செருப்பு, மறுபடியும் பால் கவர். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். நாங்கள் இத்தனை நாள் குழாயைத் திறந்துவைத்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் திட்ட அலுவலர் சாரிடம் போய், "அடுத்த ஞாயிறு சுத்தம் பண்ண வேண்டாம் சார், ஓடையைப் பிடிச்சு மேல நடந்து பார்க்கிறோம்" என்றேன். மணி நேரக் கணக்கில் இதை எப்படி எழுதுவது என்று யோசித்தார். சரி, ஆய்வுப்பணி என்று எழுதிக்கொள்வோம் என்று சம்மதித்தார்.

ஐந்து பேர் போனோம். கிளம்பும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் கேட்டு, இணையத்தில் புல வரைபடத்தை எடுத்துக்கொண்டோம். ஓடை எங்கே இருக்க வேண்டும் என்று அதில் கோடு இருக்கிறது. இதை ஒவ்வொரு மாணவர் குழுவும் செய்ய வேண்டும் என்று சொல்வேன். படத்தில் இருக்கும் ஓடைக்கும் தரையில் இருக்கும் ஓடைக்கும் உள்ள வித்தியாசத்திலேயே பாதிப் பதில் இருக்கும். ஏரி யாருடையது என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்திடமும், நகர எல்லைக்குள் உள்ளவை பேரூராட்சியிடமோ மாநகராட்சியிடமோ இருக்கும். தப்பான கதவைத் தட்டியே எங்களுக்கு இரண்டு மாதம் போனது.

முதல் அரை கிலோமீட்டரில் ஒரு சிறுபாலம். உள்ளே முக்கால்வாசி மண்ணும் கவரும் அடைத்துக்கிடந்தது. அதற்கு மேலே ஒரு டீக்கடை, ஒரு கறிக்கடை. அதற்கும் மேலே நாற்பது, ஐம்பது வீடுகள் உள்ள ஒரு புதுக் குடியிருப்பு. ஓடைக்குள் விழும் குப்பையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. எங்களுக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றபோது பேச்சு வந்தது. அந்த அக்கா ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்ப்பவர். "குப்பை வண்டி பத்தரைக்கு வருதுங்க. நாங்க ஏழரைக்கே கெளம்பிருவோம். வெளிய வெச்சா நாய் இழுக்குது. ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தா நாத்தம். என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார்.

அத்தனை நாள் நாங்கள் 'விழிப்புணர்வு' என்ற சொல்லை எத்தனை முறை பேனரில் எழுதியிருப்போம்! அந்த அக்காவுக்கு விழிப்புணர்வில் எந்தக் குறையும் இல்லை. வண்டி வரும் நேரம்தான் குறை. வீடு வீடாகப் போய் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுதினோம். நாற்பத்து மூன்று வீட்டில் முப்பத்தொரு வீடு எட்டு மணிக்குள் பூட்டிவிடுகிறது. அந்தப் பட்டியலை இணைத்து, கல்லூரி முத்திரையோடு, வண்டியை ஆறரை மணிக்கு அனுப்பும்படி மனு கொடுத்தோம். நான்கு மாதம் அலைந்தோம். மூன்று முறை "அடுத்த வாரம் வாங்க" கேட்டோம். கடைசியில் நேரம் மாறியது. அடுத்த மழையில் ஓடைவாயில் நின்று அதே ஒரு நிமிடத்தை எண்ணினேன். பதினொன்று. அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் செய்த எந்த வேலைக்கும் இவ்வளவு பலன் கிடைத்ததில்லை.

டீக்கடைக்காரரிடம் சட்டம் பேசவில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பது அவருக்கும் தெரியும். பார்சல் வாங்குபவர்களிடம் தூக்குவாளி கொண்டுவரச் சொல்லி நாங்களே ஒரு அட்டை எழுதி மாட்டினோம். கண்ணாடி டம்ளர் கழுவத் தண்ணீர்தான் சிரமம் என்றார், ஒரு டிரம் வாங்கிக் கொடுத்தோம். பாதி நாள் டம்ளர், பாதி நாள் கப் என்றுதான் இன்னும் ஓடுகிறது. முழுவதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மிச்சக் குப்பைக்கு ஒரு தடுப்பு செய்தோம். முதல் முயற்சி ஆபத்தில் முடிந்தது. பழைய மீன்வலையை ஓடையின் குறுக்கே, கரைக்குக் கரை இறுக்கிக் கட்டிவிட்டோம். ஒரே இரவு மழையில் வலை முழுக்கக் கவர் அப்பி, தண்ணீர் போக வழியில்லாமல் ஒரு வீட்டின் மாட்டுக்கொட்டகைக்குள் ஏறியது. அந்த வீட்டு அண்ணன் இரவோடு இரவாக வலையை அறுத்துவிட்டார். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டோம். பிறகு அவரே வழி சொன்னார். குறுக்கே நேராகக் கட்டாதே, சாய்வாகக் கட்டு. அடிவரைக்கும் மறைக்காதே, மேலே மட்டும் மிதக்கவிடு. நாங்கள் பொறுக்கிய காலி பாட்டில்களையே மூடி இறுக்கி, வலைக்குழாயில் அடைத்து நீளமான மிதவையாகச் செய்தோம். ஒரு முனை மேலே, இன்னொரு முனை எதிர்க்கரையில் பல அடி கீழே. மிதக்கும் குப்பை சாய்வில் வழுக்கிக்கொண்டு ஒரே மூலையில் வந்து சேரும். தண்ணீர் அடியில் போய்விடும். மூலையில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வேலை, மூன்று பேர் போதும். பெருமழை வரும்போல் இருந்தால் அண்ணன் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுவார். அதில் சேர்வதை எடைபோட்டு எழுதி வைக்கிறோம். பாட்டிலைப் பழைய இரும்புக்கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார், சிப்ஸ் கவரை யாரும் வாங்குவதில்லை.

குடியிருப்பைத் தாண்டி ஓடை மேலே போக ஆரம்பித்தது. அன்றைக்கு எங்களோடு வனத்துறையின் வேட்டைத்தடுப்புக் காவலர் அண்ணன் ஒருவர் வந்தார். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், மாணவர்கள் என்றாலும் அப்படித்தான். முன்பே கடிதம் கொடுத்து அவரை அனுப்பச் செய்திருந்தார் சார். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரிந்தது. நான் குனிந்து கையில் அள்ளினேன். "உங்க வீடு எங்கம்மா?" என்றார் காவலர். குகை என்றேன். "அப்ப இந்தத் தண்ணி உங்க வீட்டுப் பக்கம்தான் வருது. ஏரி நெறஞ்சு வழிஞ்சா கடைசியில திருமணிமுத்தாத்துலதான் சேரும்" என்றார். எந்த ஆறு அண்ணா என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் பாலம் எனக்கு நினைவுக்கு வந்தது.

மே மாதங்களில் ஏற்காடு மலைப்பாதைக்கும் போகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கோடை விழாவுக்கு வரும் வண்டிகள் நிற்கும். குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதுதான் எங்கள் முக்கியமான வேலை. சாலையில் பழகிய குரங்கு கவரோடு தின்கிறது, வண்டியில் அடிபடுகிறது. குழந்தைகளிடம் சொன்னால் உடனே கேட்கிறார்கள். பெரியவர்களிடம் அதே குழந்தைகளை விட்டே சொல்லவைக்கிறோம். காய்ந்த மாதங்களில் பீடித்துண்டு பற்றிச் சொல்வது அதைவிட அவசரம். உண்ணிச்செடிப் புதர் காய்ந்து நிற்கும் சரிவில் ஒரு பொறி போதும்.

மாணவர் குழுவுக்கு உள்ள பெரிய நோய் ஒன்று உண்டு. மூன்று ஆண்டில் எல்லோரும் போய்விடுவோம். போதாததற்கு, ஓடைக்கு ஆள் வேண்டிய நவம்பரிலும் கன்றுக்குத் தண்ணீர் வேண்டிய ஏப்ரலிலும்தான் தேர்வு வரும். இதற்கு நாங்கள் கண்ட வழி ஒரு நோட்டு. ஆயாவின் பேரன் பெயர், மிதவை அவிழ்க்கும் அண்ணன் வீடு, எந்த அலுவலகத்தில் எந்த மேசை, எந்த மனுவுக்கு என்ன பதில், ஒவ்வொரு மழைக்கும் அந்த ஒரு நிமிட எண்ணிக்கை. முதலாமாண்டு மாணவர் ஒருவரிடம்தான் எப்போதும் அந்த நோட்டு இருக்கும், மூன்றாமாண்டு மாணவரிடம் இருக்கக் கூடாது. தேர்வு மாதத்தில் செய்ய வேண்டியதை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் விடுப்பில் போகலாம். அவர்களால் முடியாத வேலையை நாங்கள் தொடங்குவதே இல்லை.

நான் படிப்பு முடித்து இப்போது ஒரு கணக்கர் அலுவலகத்தில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு ஓடைக்குப் போகிறேன். போன புரட்டாசியில் அப்பாவையும் அழைத்துப்போனேன். அப்பா முப்பது ஆண்டு தறி நெய்தவர். எங்கள் தெருவில் நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீரும் அந்த ஆற்றில்தான் போனது. இன்றைக்குச் சிவப்பு, நாளைக்குப் பச்சை என்று பாலத்திலிருந்து நாங்கள் வேடிக்கை பார்த்திருக்கிறோம். இதை நோட்டில் எழுதவில்லை, ஆனால் மறைத்துப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுச் சோறும் அந்தச் சாயத்திலிருந்துதான் வந்தது.

அப்பா பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "இது நம்ம ஆத்துல எந்த எடத்துல கலக்குது?" என்று கேட்டார். ஏரி வரைக்கும் காட்டினேன். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறும் மறுகாலுக்குக் கீழே நாங்கள் இன்னும் நடந்து பார்த்ததில்லை என்றேன். "அங்கேர்ந்து பாலம் வரைக்கும் எனக்கு வழி தெரியும். சின்ன வயசுல அந்தக் கரையிலதான் பாவு விரிச்சு காய வெப்போம்" என்றார்.

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் அப்பாவும் நானும் இரண்டு முதலாமாண்டுப் பிள்ளைகளும் மறுகாலிலிருந்து கீழே நடக்கப்போகிறோம். புல வரைபடம் எடுத்தாகிவிட்டது.